மேஜையில் கிடந்த ஸ்லீவ்

ஒளியிழைத் தொடர்பியல் செய்முறைத் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டவன் நான். அதற்குள் என் தங்கை அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, என் வகுப்புக்கே வந்து, பக்கத்து மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த முறையும் கவிழ்ந்தால் அவள் பட்டதாரி, நான் பட்டதாரியின் அண்ணன்.

வேலை இதுதான்: முடியளவு மெல்லிய இரண்டு கண்ணாடி இழைகளின் மேலுறையை உரித்து, முனை நறுக்கி, இயந்திரத்தில் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன்பே ஓர் இழையில் ஸ்லீவ் எனும் சின்னக் குழாயைக் கோத்துவிட வேண்டும். இணைப்பு உடையாமல் காப்பது அதுதான். ஒட்டியபின் கோக்க வழியில்லை.

பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒளியிழப்பு பூஜ்யம்! யாருக்கும் வராத எண். பெருமையோடு குனிந்தால், என் ஸ்லீவ் மேஜையில் கிடக்கிறது. மூன்றாவது முறையாக அதே தவறு. தலை கழுத்தோடு ஒட்டியிருக்கிறது, இல்லையென்றால் அதையும் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருப்பேன்.

அந்த அருமையான இணைப்பை வெட்டி எறிந்தேன். மிச்ச இழை இன்னும் ஒரே தடவைக்குத்தான் வரும். ஸ்லீவைக் கோத்தபடி தற்செயலாகத் திரும்பினேன். தங்கையின் விரல் பொத்தானை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் ஸ்லீவும் மேஜையில்.

அவளோடு பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆனால் என்னை நானே திட்டிக்கொள்வது அங்கே எல்லோருக்கும் பழகிப்போன விஷயம்.

“ஸ்லீவ் மாட்டாம ஒட்டினியேடா, மாங்கா மடையா!” என்று என் தலையிலேயே அடித்துக்கொண்டேன்.

மேற்பார்வையாளர் நிமிர்ந்தார். “தம்பி, திட்டுக்கெல்லாம் மார்க் கிடையாது. இன்னொரு வார்த்தை பேசினா வெளிய போயிடணும்.”

வகுப்பே சிரித்தது. தங்கை மட்டும் சிரிக்கவில்லை. விரலை எடுத்துக்கொண்டாள்.

மிச்ச இழையை இயந்திரத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். இரண்டாவது இணைப்பின் ஒளியிழப்பு தேர்ச்சி எல்லையை உரசிக்கொண்டு நின்றது. தப்பித்தேன்.

முடிவு வந்த அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அவளைத்தான் கேட்டாள். “என்னடி ஆச்சு?”

“ரெண்டு பேரும் பாஸ்மா.”

“இவனுமா? ஒண்ணும் மறக்கலையா?”

“மறந்தான். எல்லார் முன்னாடியும் தன்னைத்தானே திட்டிக்கிட்டான்.”

“இந்தப் பழக்கத்த எப்பதான் விடுவானோ!”

“விட வேண்டாம்மா,” என்றாள் தங்கை.

அவள் என்னைக் கேலி செய்யாமல் பேசி அன்றுதான் கேட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது.