வெள்ளை மேசை

மார்கழியிலும் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாத ஊரில் ஒருத்தி வீட்டுக்குள் பனி பெய்ய வைக்கப் புறப்பட்டால் ஊர் என்ன சொல்லும்? ராஜபாய்க்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் சொல்லும். சொல்லியும் விட்டது. முகத்துக்கு நேராக யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் முகத்துக்கு நேராகச் சொல்லாததையெல்லாம் எப்படியாவது காதில் கொண்டுவந்து சேர்ப்பதில் எங்கள் பக்கத்து ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது.

அவள் மகன் சுபின் கப்பலில் வேலை பார்த்தவன். போன கிறிஸ்மஸுக்கு அவன் கப்பல் ஏதோ ஒரு குளிர்நாட்டுத் துறைமுகத்தில் நின்றது. அங்கே கப்பல்காரர்களுக்கென்று இருந்த விடுதியில் விருந்து வைத்தார்களாம். அந்தச் சாப்பாட்டு மேசையைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். துணி வெள்ளை, தட்டு வெள்ளை, மெழுகுதிரி வெள்ளை. நடுவில் இலையில்லாத கிளைகளுக்கு வெள்ளை பூசி ஜாடியில் நிறுத்தியிருந்தார்கள். மேசை நெடுகப் பனி தூவிய மாதிரி ஏதோ மினுங்கியது.

"யம்மா, படத்தப் பாத்தியா? அடுத்த கிறிஸ்மஸுக்கு நான் வாறேன். நம்ம வீட்டுலயும் இதுபோல மேசை போடணும், கேட்டியா?" என்று போனில் சொன்னான்.

"பனிக்கு நான் எங்க போவேன் மக்கா? ஊட்டியில போயி சாக்குல அள்ளிட்டு வரவா?" என்று அவள் சிரித்தாள்.

பிப்ரவரியில் கப்பல் கம்பெனியிலிருந்து ஒருவர் பேசினார். காவல் வேலைக்கு மேல்தளத்துக்குப் போன சுபின் திரும்பி வரவில்லை, கடலில் விழுந்திருக்க வேண்டும், தேடிவிட்டோம், அந்தத் தண்ணீரின் குளிரில் ஒரு மனுஷன் அதிக நேரம் தாங்க மாட்டான் என்றார். உடல் வரவில்லை. உடல் வராததால் பெட்டி இல்லை, கல்லறை இல்லை, அடக்க ஆராதனையும் இல்லை. அழுகைகூட அரைகுறையாகத்தான் நடந்தது. துக்கம் கேட்க வந்த பெண்களை ராஜபாய் வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"ஆருக்க வீட்டுக்கு அழ வந்திய? எனக்க பிள்ளையக் காணேலன்னுதானே சொன்னாவ? செத்துட்டான்னு ஆரு பாத்தா?"

அவள் புருஷன் நேசையன் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் உறைய வைக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாத ஆள். மகன் போய்விட்டான் என்று அந்த மனுஷனுக்குத் தெரியும். ஆனால் பெற்றவள் அழாத வீட்டில் அப்பன் எப்படி அழுவது? கண் கலங்கினால் வாழைத்தோட்டத்துப் பக்கம் போய் மூக்கைச் சிந்திவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வருவார், பாவம். நவம்பரில் ஒருநாள் தைரியத்தை எல்லாம் திரட்டிக் கேட்டார்.

"ஏட்டி, வருசம் திரும்பப் போவுது. ஒரு நினைவு ஜெபம் வைப்பமா? பெருசா ஒண்ணும் வேண்டாம். அந்தா, செவத்துல கெடக்க அவனுக்க போட்டோவுக்குக் கீழ ஒரு மேசை, ஒரு வெள்ளைத் துணி, ரெண்டு மெழுகுதிரி. உபதேசியார் வந்து ஒரு பாட்டு பாடி ஜெபிச்சா போதும். எனக்க நெஞ்சு அடைச்சுக் கெடக்கு."

ராஜபாய் கையிலிருந்த அகப்பையை வீசினாள். சுவரில் தெறித்த மீன்குழம்புக் கறை இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை.

எங்கள் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் கிறிஸ்மஸுக்கு வாசலில் ஸ்டார் விளக்கு தொங்காது. கேரல் பாடி வீடுவீடாக வருகிற கூட்டம் அந்த வீட்டு முன்னால் வந்ததும் டிரம்மை நிறுத்திவிடும். கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் கட்டியவன் வெளியிலேயே நிற்பான். மற்றவர்கள் உள்ளே போய் ஆறுதலாக ஒரு ஜெபம் செய்துவிட்டு, ஒரு துண்டு கேக் கூடத் தொடாமல் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். ஸ்டார் கிடந்தால் பாடுகிற வீடு, கிடக்காவிட்டால் ஜெபிக்கிற வீடு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

டிசம்பர் பிறந்ததும் ராஜபாய் ஸ்டாரைத் தொங்கவிட்டாள். அதுவும் தெருவிலேயே பெரிய ஸ்டார். சபை உபதேசியார் ஞானமுத்து, யார் மனதும் நோகக்கூடாது என்று நினைத்தே பாதி ஆயுளைக் கழித்தவர், தயங்கித் தயங்கி வந்து திண்டாடினார்.

"ராஜபாயி, கேரல் வரும்ப நாங்க எப்பிடி..."

"ஸ்டார் கெடக்குல்லா உபதேசியாரே? ஸ்டார் கெடக்க வீட்டுல பாடணும். டிரம் அடிக்கணும். தாத்தா ஆடணும்."

"செரி பிள்ளே" என்று சொல்லி, தப்பித்தோம் பிழைத்தோம் எனப் போய்விட்டார்.

அவளுக்கு அது போதும். இந்த வீட்டுக்குள் டிரம் அடித்துவிட்டால் சுபின் உயிரோடு இருக்கிறான் என்று ஊரே கூடி ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அவன் கேட்ட மேசையை அவள் போட்டுவிட்டால், அவன் சொன்ன சொல்லை அவன் காப்பாற்றியே தீர வேண்டும். அவள் மனசு இப்படித்தான் கணக்குப் போட்டது. தப்பான கணக்குதான். ஆனால் பெற்றவளிடம் அதை எடுத்துச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

துணிக்காகக் கோட்டாற்றுக்குப் போனாள். கடைகடையாக ஏறி இறங்கி, ஒரு பழைய ஜவுளிக்கடையில் கரையோ பூவோ இல்லாத தூய வெள்ளையைக் கண்டுபிடித்தாள். கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவள் கேட்ட விலைக்கே மறுபேச்சில்லாமல் மடித்துக் கொடுத்தார். கோட்டாற்றில் இப்படியும் ஒரு வியாபாரியா என்று அவள் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஆச்சரியப்பட்டாள்.

கேரல் வருகிற அன்றைக்குக் காலையிலேயே வேலை தொடங்கிவிட்டது. நேசையன் ரப்பர் மரத்திலிருந்து சிறு கிளைகளை ஒடித்துக் கொண்டுவந்தார். ராஜபாய் இலையை உருவிப் போட்டுச் சுண்ணாம்பு அடித்துக் காயவைத்தாள். பனிக்குப் பழைய தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சைப் பரப்பினாள். மகள் ஸ்மைலின், நெய்யூரில் நர்ஸாக இருப்பவள், வேலை முடிந்து களைத்து வந்து மின்விசிறியைப் போட, மேசையிலிருந்த பனியெல்லாம் எழும்பி வீடு முழுக்கப் பறந்தது. மூன்று பேரும் தும்மித் தீர்த்தார்கள். நேசையனின் மீசையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்து ராஜபாய் சிரித்தேவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிவிட்டது! அப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், இனி இவள் என்ன கேட்டாலும் செய்துவிடலாம் என்பதுபோல.

பஞ்சு சரிப்படாது என்று ஆனதும் அவள் அடுக்களையிலிருந்து கல்லுப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துணிமேல் நெடுகத் தூவினாள். அது வெளிச்சத்தில் படத்தில் இருந்த மாதிரியே மினுங்கியது.

"உப்பா? யம்மா, உப்பு கடலுல இருந்து..." என்று ஸ்மைலின் தொடங்கி, மீதியை விழுங்கிவிட்டாள்.

தோவாளையிலிருந்து வரவழைத்த வெள்ளைச் செவ்வந்தியைத் தட்டுகளைச் சுற்றி வைத்தார்கள். ஸ்மைலின் பூக்களையும் மேசையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"கொஞ்சம் செவப்பும் வைப்பமா? ஒரு ரிப்பனாவது?"

"அவன் அனுப்புன படத்துல செவப்பு இருக்கா? எடுத்துப் பாரு. வெள்ளைன்னா வெள்ளதான்."

நாலு தட்டு வைத்தாள். நாலாவது தட்டுக்கு முன்னால் சுபின் எப்போதும் உட்காருகிற நாற்காலி. பக்கத்தில், மாவு தூவின மாதிரி வெள்ளைச் சர்க்கரை தூவிய கேக்.

பொழுது சாயும் நேரம். அடுத்த தெருவில் டிரம் கேட்கத் தொடங்கியது. ராஜபாய் ஹாலைப் பார்த்தாள். சின்ன ஹால், நடுவில் மேசை. இருபது பேர் எங்கே நிற்பார்கள், தாத்தா எங்கே ஆடுவார்?

"கேட்டியளா, மேசையச் செவத்தோட சேத்துத் தள்ளுங்க. டிரம் அடிக்கவனுக்கு எடம் வேணும்லா."

நேசையன் மேசையில் கையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். சுவரில், கப்பலுக்கு முதல் தடவை போனபோது வெள்ளைச் சீருடையில் எடுத்த சுபினின் படம் வருஷக்கணக்காக அங்கேதான் தொங்குகிறது.

"இஞ்சயா?"

"வேற எங்க எடம் கெடக்கு? தள்ளுங்க, அவிய வந்திருவாவ."

அவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் அகப்பை பறந்த வீடு அது, போதாததற்கு அன்றைக்கு அவள் சிரித்தும் இருந்தாள். நேசையன் தள்ளினார். உப்புக்கற்கள் ரெண்டு மூன்று தரையில் உருண்டன. ராஜபாய் மெழுகுதிரிகளைக் கொளுத்தினாள். அவன் அனுப்பிய படத்தில் மெழுகுதிரி வெளிச்சம் மட்டும்தானே இருந்தது என்று டியூப்லைட்டையும் அணைத்தாள்.

டிரம் தெருவுக்குள் வந்தது. வீட்டு வாசலுக்கு வந்தது. ஸ்டாருக்குக் கீழே வந்தும் நிற்கவில்லை! ராஜபாய்க்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உபதேசியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடி ஒட்டிய முகமூடியுமாகத் தாத்தா வேஷத்தில் ரெனிஷ், சுபினோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவன், முற்றத்திலிருந்தே ஆடிக்கொண்டு படியேறினான். அவள் கதவை விரியத் திறந்து, "வாருங்க, எல்லாரும் உள்ள வாருங்க!" என்றாள்.

முதலில் ரெனிஷ்தான் உள்ளே வந்தான். ஒரு சுற்று ஆடித் திரும்பியவன் அப்படியே நின்றான். பின்னால் வந்தவர்கள் அவன்மேல் மோதி நின்றார்கள். டிரம் அடித்தவனுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை. அவன் மட்டும் கொஞ்சநேரம் அடித்தான். யாரோ அவன் தோளைத் தொட, அதுவும் நின்றது.

ரெனிஷ் முகமூடியைக் கழற்றினான். அவன் கண் நிறைந்திருந்தது.

"என்ன, ஏன் நிறுத்திட்டிய?" என்றாள் ராஜபாய்.

உபதேசியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மேசையைப் பார்த்தார். அதற்கு மேலே இருந்த சுபினின் படத்தைப் பார்த்தார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாமலே செஞ்சிட்டியே பிள்ளே. கர்த்தர் உனக்க மனசத் தேத்தினாரு. இந்த ஒரு நாளுக்காக நாங்க எவ்வளவு ஜெபிச்சோம் தெரியுமா?"

"எதுக்கு? என்ன சொல்லுதிய?"

அவர் அதற்குள் கண்ணை மூடிவிட்டார். அடக்க ஆராதனையில் பாடுகிற பாட்டைத் தாழ்ந்த குரலில் எடுத்தார். கூட்டம் உடனே சேர்ந்துகொண்டது. சுபினுக்காக அவர்கள் பாடாமல் நெஞ்சில் வைத்திருந்த பாட்டு அது. இப்போது அதற்கு ஒரு வாசல் கிடைத்துவிட்டது.

அப்போதுதான் ராஜபாய் அவர்கள் பார்க்கிற திசையில் திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் மேசை. வெள்ளைத் துணி. வெள்ளைப் பூ. எரிகிற மெழுகுதிரி. மேலே, வெள்ளைச் சீருடையில் அவள் பிள்ளை. கீழே அவன் தட்டு காலியாக இருந்தது. நேசையன் நவம்பரில் கெஞ்சிக் கேட்டதை ஒன்றுவிடாமல் தன் கையாலேயே செய்து முடித்திருந்தாள்.

நிறுத்துங்க என்று கத்த வாயைத் திறந்தாள். அந்த நேரம் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. நேசையன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷன் வாய்விட்டு அழுது அவள் பார்த்ததில்லை. இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "எனக்க மக்கா, எனக்க பொன்னு மக்கா" என்று சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். ஸ்மைலின் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை மாதமும் இவர்களை அழவிடாமல் வைத்திருந்தது தான்தான் என்று ராஜபாய்க்கு உறைத்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவர் கையிலிருந்து அந்த அழுகையை எப்படிப் பிடுங்குவாள்?

பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்துவிட்டு வெளியேறினார்கள். கேக்கை யாரும் தொடவில்லை. ஸ்மைலின் தட்டை நீட்டியபோது, "இருக்கட்டும் மோளே" என்று உபதேசியார் மெதுவாக விலக்கினார். செருப்புச் சத்தம் மட்டும் தெருவில் போயிற்று. ரெண்டு வீடு தாண்டி டிரம் மறுபடி அடித்தது.

நேசையன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு மூச்சு இப்போதுதான் சீராக வந்தது. மெழுகு உருகி உப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. ராஜபாய் நாலாவது தட்டை எடுத்து மற்ற மூன்றின்மேல் அடுக்கினாள். பிறகு வாசலுக்குப் போனாள். தெருவிலேயே பெரிய ஸ்டார் அவள் தலைக்குமேல் எரிந்துகொண்டிருந்தது.

"கெடக்கட்டும் ராஜபாயி. கிறிஸ்மஸ் கழியட்டும்" என்றார் பின்னாலேயே வந்த நேசையன்.

அவள் சுவிட்சில் கைவைத்தாள்.

"சாவு விழுந்த வீட்டுல ஸ்டார் கெடக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டு அணைத்தாள்.