கொடுவா செதில் தேய்த்த கல்

1
இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டுத் தட்டில் கிடைத்தது. 1976, புதுப்பட்டினம், கொடுவா மீன் குழம்பு. பக்கத்தில் என் மனைவியின் ஆராய்ச்சி கவிழ்ந்துகொண்டிருந்தது. நான் இன்னொரு துண்டு கேட்டேன்.

2
முதலில் எழுதிய தொடக்கம்: 'ஆதிமனிதன் அந்தக் கல்லைக் கையில் எடுத்தபோது வானம்...'

வானம் என்ன செய்தது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன். (அழிக்கவில்லை. நல்ல வரிகள் என்னிடம் குறைவு.)

நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவி பிரபாவதி கற்கால ஆராய்ச்சி மாணவி. செங்கல்பட்டுப் பக்கம் கிடைத்த கற்கருவி ஒன்றின் விளிம்பில் ஒரு பளபளப்பு இருந்தது. எதைத் தேய்த்து வந்தது அது? மரம் என்றார் அவள் பேராசிரியர். தோல் என்றாள் இவள். அதே வகைக் கற்களை உடைத்து, ஒன்றால் மரம் சீவினாள், இன்னொன்றால் ஆட்டுத்தோல் சுரண்டினாள். விளிம்புகளைக் கல்லூரி நுண்ணோக்கியில் ஒப்பிட வேண்டியதுதான் பாக்கி.

(ஆராய்ச்சியில் என் பங்கு: நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டது.)

3
அன்று கல்லூரியிலிருந்து ஓடி வந்தாள். "தோல்தாங்க! அச்சு அசல் அதே பளபளப்பு!"

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த என் அம்மா ஜெகதாம்பாள் வேறு கவலையில் இருந்தாள். "கொல்லையில கெடந்த கல்ல எவன் எடுத்தது? இன்னிக்கு செதிலே சரியாப் போவல."

"எந்தக் கல்லு அத்தே?"

"அதான், நீ தோலு சொரண்டுவியே. ஒரு வாரமா அதாலதான் மீன் தேச்சுகினு இருந்தேன். கத்தியவிட ஷோக்கா தேய்க்குது."

பிரபாவதி கண்ணீர் விட்டாள் என்று இங்கே எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "நான் எப்ப அழுதேன்? செதில் தொண்டையில மாட்டி அழுதது நீங்க" என்றாள். சரி.

4
கருத்தரங்குக்கு மூன்று வாரம் இருந்தது. அந்தக் கல்லில் மீனும் தேய்ந்ததைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அவளோ இரண்டு புதுக் கற்களை உடைத்தாள். ஒன்று தோலுக்கு மட்டும், ஒன்று மீனுக்கு மட்டும்.

மீன் கல்லை அம்மா தொடவே மாட்டேன் என்றாள். "படிச்சவங்க பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்பாங்க. நான் தேச்சது தப்புன்னு எழுதிட்டாங்கன்னா?"

"இதுல தப்பு சரி இல்ல அத்தே."

"பரீட்சைன்னா தப்பு இல்லாமயா?"

இரண்டு நாள் கெஞ்சிய பிறகு ஒத்துக்கொண்டாள். போட்டோ ஸ்டுடியோவில் உட்கார்ந்தவள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்து தேய்த்தாள்.

5
இரண்டு பளபளப்பும் ஒன்று போலவே இருந்தன. தோலா மீனா, அந்த நுண்ணோக்கியால் பிரிக்க முடியவில்லை.

கருத்தரங்கில் பிரபாவதி எழுந்து, "எனக்குத் தெரியவில்லை" என்றாள். "அப்போ மரம்தான்" என்றார் பேராசிரியர். சபை சிரித்தது. உதவித்தொகை நீட்டிக்கப்படவில்லை. அடுத்த ஜூனில் அவள் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தப் போனாள்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "நான் தேச்சதால உன் படிப்பு போச்சா?"

"நீங்க தேச்சதாலதான் பொய் சொல்லாம தப்பிச்சேன், அத்தே."

6
நான் எழுதிப் பார்த்த முடிவுகள். (அ) வெளிநாட்டிலிருந்து பாராட்டுக் கடிதம் வருகிறது. (ஆ) பேராசிரியர் வீடு தேடி வந்து மன்னிப்பு... வரவில்லை. (இ) பளபளப்பு மீனால்தான் வந்தது என்று ஒருநாள்...

மூன்றையும் பிரபாவதி பேனாவால் அடித்துவிட்டாள். "தெரியாதுன்னு ஊரறியச் சொன்னவ நான். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அதனால் கதை இங்கேயே நிற்கிறது. ரொம்பவும் அரித்தால், ஒரு கல்லை உடைத்து நீங்களே எதையாவது தேய்த்துப் பாருங்கள்.