ஒத்திகை மாமாவின் இருமல்

மலைக்கு அடியில், சுரங்கத்துக்குள் இருந்த அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு அன்றுதான் கடைசி நாள். வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தால், அதன் ஒளி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே நியூட்ரினோ துகள்கள் பூமியைத் துளைத்துக்கொண்டு போகும். சில விநாடிக் கூத்து, அவ்வளவுதான். அதைப் பிடிக்கத்தான் தொட்டி. தலைமை விஞ்ஞானி தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். இன்றுவரை ஒன்றும் வந்து தொலைக்கவில்லை. சாயங்காலம் தண்ணீரைத் திறந்துவிடப் போகிறார்கள்.

மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது அலாரம் அலறியது. திரை முழுக்கப் புள்ளிகள்.

கூட வேலை பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஒத்திகை மாமா வேலைதான் அக்கா! உங்களுக்கு வழியனுப்பு விழா!"

ஒத்திகை மாமா வேறு யாருமில்லை, அவள் கணவர். ஆட்கள் அசந்துவிடக் கூடாதென்று, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பொய் வெடிப்பைக் கணினிக்குள் விடுவது அவர் வேலை. முழங்கால் தேய்ந்து சுரங்கத்துக்கு வர முடியாமல் போன பிறகும், வீட்டில் உட்கார்ந்தபடி அதைச் செய்துகொண்டிருந்தார். இவர்கள் முடிவெடுக்கும்வரை அவர் உண்மையைச் சொல்லக் கூடாது. பாவம், அந்த மனிதருக்குப் பொய் சொன்னால் இருமல் வந்துவிடும்.

கல்யாணமான புதிதில் அவர் விட்ட ஒரு பொய்யை நம்பி எல்லோர் முன்னாலும் அவள் ஆனந்தக் கண்ணீர் விட்டாள். அவர் மூலையில் நின்று இருமிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் அவரிடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தச் சண்டைகூட இப்போது இனிக்கிறது. அதற்குப் பிறகு ஒத்திகை நாட்களில் அவருக்கு அவள் போன் போட்டதே இல்லை. பரீட்சையில் காப்பியடிப்பது மாதிரி இருக்கும்.

இன்று போட்டாள். தொலைநோக்கிகளுக்கு உடனே செய்தி போனால்தான் முதல் ஒளியைப் பிடிக்கலாம். பொய்யென்றாலோ, இத்தனை வருட மானமும் கடைசி நாளில் கப்பலேறிவிடும்.

"என்னங்க, நீங்களா?"

"நான் இல்லம்மா."

காதில் போனை அழுத்திக் காத்திருந்தாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"நான் இல்லவே இல்ல. ஏன்... நிஜமாவே வந்துடுச்சா?" இருமல் இல்லை.

உலகம் முழுக்கச் செய்தியை அனுப்பினாள்.

"என்ன ஆதாரம் அக்கா?" என்று பதறினார்கள்.

"கல்யாணம் பண்ணிப் பாருங்க, தெரியும்."

அன்று தண்ணீரை யாரும் திறக்கவில்லை. பொழுது சாய வீட்டுக்கு வந்தபோது அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்து நின்றிருந்தார். எதிர்க் கட்டடத்துக்கு மேலே, நேற்று வெறுமையாக இருந்த இடத்தில், ஒரு வெளிச்சப் பொட்டு. பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலமெல்லாம் பொய்யா அனுப்பிட்டு, நிஜம் வந்த அன்னிக்கு அங்க இல்லாமப் போயிட்டீங்களே. வருத்தமா இல்லையா?"

"எனக்கென்ன வருத்தம்? நீ இருந்தியே, போதாதா?" என்றார்.

உடனே இருமல் வந்தது. அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அது நிற்க வெகுநேரம் ஆயிற்று.