பின்சீட்டில் உட்கார்ந்து சொல்கிறவள்

மூன்றாவது முறையாக அந்த வண்டி பின்சீட்டில் மெக்கானிக்கின் மனைவியோடு பட்டறை வாசலைத் தாண்டித் திருப்பத்தில் மறைந்தபோது, அவன் ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. வெறுங்கையோடு நின்றால் வேடிக்கை பார்க்கிறவன் போல ஆகிவிடும் என்று துடைத்தான். எதிரே டயர் கடைக்காரர் இவனைப் பார்த்து ஒரு மாதிரி புன்னகைத்தார். அது எப்போதும் அவர் புன்னகைக்கிற மாதிரிதான், ஆனால் இந்த வாரம் எல்லாருடைய புன்னகையிலும் இவனுக்கு ஒரு அர்த்தம் தெரிந்துகொண்டிருந்தது.

அவள் முதுகுதான் இந்தப் பட்டறையின் மூலதனம் என்று வாடிக்கையாளர்களிடம் அவனே பீற்றிக்கொண்டிருக்கிறான். வண்டி ஓட்டுகிறவன் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறான். வண்டி கொஞ்சம் விலகினால் தனக்கே தெரியாமல் கையால் சரிசெய்துகொள்கிறான். பின்னால் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. பின்சக்கரத்தில் நடப்பதெல்லாம் நேராக இடுப்புக்கு வந்துவிடும். அதனால் எந்த வண்டியை முடித்தாலும் இவன் ஓட்ட, அவள் பின்னால் ஏறி ஒரு சுற்று போய்வருவது வழக்கம். இறங்கியதும் தீர்ப்பு வரும். "லெஃப்ட்ல இழுக்குது." "பின்னாடி சக்கரம் தனியா ஒரு முடிவுக்கு வருது." அவள் சொன்ன இடத்தில் கைவைத்தால் கோளாறு அங்கேதான் இருக்கும்.

இந்த முறை ஓட்டியது இவன் இல்லை. வண்டி பல் டாக்டருடையது. பழைய, கனமான, இரட்டை சிலிண்டர் வண்டி. அதன் இன்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கும்; அது எவ்வளவு குலுங்கினாலும் அந்தக் குலுக்கல் உடம்புக்கு வராது. சுகம்தான். ஆனால் ரப்பர் செத்துப்போனால் இன்ஜின் பக்கவாட்டிலும் அசைய ஆரம்பிக்கும், பின்சக்கரமும் அதோடு சேர்ந்து போகும். நேர்ரோட்டில் சாது. வளைவில் வாலை ஆட்டும். புது மவுண்ட் போட்டு, இன்ஜினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ஸ்டெபிலைசர் லிங்க் என்கிற சின்னக் கம்பியைப் பூட்டினால் சரியாகிவிடும். மேலும் கீழும் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடிக்கொள், பக்கத்தில் மட்டும் போகாதே என்று இன்ஜினிடம் சொல்கிற கம்பி அது. புருஷன்மார்கள் கண்டுபிடித்ததாகத்தான் இருக்கவேண்டும்.

"வண்டிய நான் மட்டும்தாண்ணே ஓட்டுவேன். என் தம்பிக்கே குடுத்ததில்ல," என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். "மேடம் பின்னாடி உக்காந்து பாத்து சொல்லட்டும்." மேடம்! அவளை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சிரித்தாள். மெக்கானிக் தலையை ஆட்டினான். அப்படி ஆட்டிய தலையை அதன்பிறகு எத்தனையோ முறை மனதுக்குள் திட்டியிருக்கிறான்.

முதல் சுற்று, கோளாறு எங்கே என்று பார்க்க. திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவள் கன்னமெல்லாம் சிவந்திருந்தது, சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "என்ன சிரிப்பு?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல. பல்வரிசை நல்லாருக்குன்னாரு," என்றாள். அன்று இரவு சாப்பிடும்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையிலேயே நல்ல வரிசை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதைச் சொல்ல ஒரு பல் டாக்டர் வரவேண்டியிருந்தது.

லிங்க்கைப் பூட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. சக்கரம் தரையில் இருக்கவேண்டும், சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கவேண்டும். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தால், அந்தப் பாரத்தில் அது ரப்பர் மேல் தனக்கான இடத்தைத் தானே தேடி உட்கார்ந்துகொள்ளும். அப்போது கம்பியின் நீளத்தை அதற்கேற்ப வைத்தால், போல்ட் விரலால் தள்ளினாலே உள்ளே போகும். அடித்து ஏற்றினால் இன்ஜினை ஒரு பக்கம் இழுத்துக் கட்டியதாகிவிடும். இதையெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். ஆனால் டாக்டர் முன்னால், அவள் பின்னால், இவன் அடியில் மல்லாந்து படுத்திருப்பது என்கிற காட்சி மனதில் வந்ததுமே உடம்பு எரிந்தது. டாக்டர் வருவதற்கு முன்பே வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, புது மவுண்ட் போட்டு, காலி சீட்டோடு லிங்க்கைப் பூட்டினான். போல்ட் முரண்டு பிடித்தது. சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினான். போய்விட்டது. அவனும் அதை மறந்துவிட்டான்.

இரண்டாவது சுற்று போய்வந்து, "இன்னும் இருக்கு," என்றாள். நீளத்தைக் கொஞ்சம் மாற்றினான், மறுபடியும் ஸ்டாண்டில்தான். இதோ மூன்றாவது சுற்றும் முடிந்து வந்து இறங்கினாள். முடி கலைந்திருந்தது. "இன்னும் இருக்குங்க," என்றாள், சிரித்துக்கொண்டே. ஆட்டம் இருக்கிறது என்று சொல்கிறவள் எதற்குச் சிரிக்கவேண்டும்? அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஆட்டம் எப்போதோ நின்றுவிட்டது. இன்னொரு சுற்று போவதற்காகத்தான் "இன்னும் இருக்கு" என்கிறாள். வந்த எண்ணம் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"நெஜமாவே ஆடுதா?" வீட்டுக்கு வந்து, அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டான்.

"ஆடுதுன்னு சொன்னேனே."

"அப்புறம் ஏன் சிரிச்சுக்கிட்டே வந்தே?"

மடித்த துணியை அடுக்கின் மேல் வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அழுதுகிட்டே வந்தா ஆட்டம் நின்னுடுமா?" என்றாள்.

மறுநாள் டாக்டர் வந்ததும், "இன்னைக்கி நான் உக்காருறேன்," என்றான். டாக்டர் அவன் தொப்பையையும் பின்சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அவள் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினாள். உள்ளே அவள் தலையெண்ணெய் வாசம். மாட்டிக்கொண்டபோது, மூன்று முறை இந்த வாசம் இந்த மனிதரின் தோளுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறதே என்று நினைத்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் எங்கே வைத்திருப்பாள்? பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டான். இவனுக்கு அது எட்டிப்பிடிக்க வேண்டிய தூரத்தில் இருந்தது. அவள் கை இன்னும் சின்னது.

நேர்ரோட்டில் வண்டி வெண்ணெயாகப் போனது. அவனுக்குள் ஒரு கேவலமான சந்தோஷம் ஊறியது. பார்த்தாயா, ஒரு ஆட்டமும் இல்லை. வீட்டில் போய் என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தான். குடோன் தாண்டி அந்தப் பெரிய வளைவு வந்தது. டாக்டர் வண்டியைச் சாய்த்தார். அந்த நொடியில் பின்சக்கரம் அவன் இடுப்புக்குக் கீழிருந்து விலகி வெளிப்பக்கம் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. மெக்கானிக் கம்பியை விட்டுவிட்டு டாக்டரின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அது அவன் அம்மாவைக் கூப்பிட்டதாகக்கூட இருக்கலாம்.

"பயப்படாதீங்கண்ணே," டாக்டர் முன்னாலிருந்து கத்தினார். "ரெண்டு ஆட்டம் ஆடிட்டு அதுவா நின்னுடும். பிரேக் புடிக்காதீங்க, அப்படியே விடுங்கன்னு மேடம்தான் சொல்லிக்குடுத்தாங்க. மொத நாள் எனக்குக் கை நடுங்கிப்போச்சு. அவங்க பாட்டுக்கு சிரிக்கிறாங்க!"

ஆட்டம் நின்றது. வண்டி நேரானது. இவன் கை மட்டும் டாக்டர் இடுப்பை விடவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் திட்டியிருக்கலாம், இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கலாம், பிறகு மன்னித்திருக்கலாம். இது அப்படி இல்லை. இந்த வளைவு இப்படித்தான் என்று தெரிந்தபிறகும் அவள் இரண்டு முறை ஏறி உட்கார்ந்திருக்கிறாள். இவனுடைய ஸ்கூட்டரில் வேகத்தடை வருவதற்கு முன்பே "மெதுவா, மெதுவா" என்று முதுகில் தட்டுகிறவள். பல்வரிசையாவது பரவாயில்லை, அது எல்லாருக்கும் தெரிகிற இடத்தில்தான் இருந்தது. இந்தச் சிரிப்பு இருப்பதே அவனுக்குத் தெரியாது. முன்னால் உட்கார்ந்திருக்கிற முதுகை அவன் அப்போது வெறுத்தான், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே.

பட்டறையில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான். அவள் வாசலில் காத்திருந்தாள்.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

லிங்க்கின் போல்ட்டைத் தட்டிக் கழற்றினான். அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அதன் தலையில் சுத்தியல் பட்ட இடம் பளபளத்தது. "ஸ்டாண்டுல வச்சா பூட்டுனீங்க?" என்றாள். டாக்டருக்குக் கேட்காத குரலில்தான் கேட்டாள். அவன் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிற அட்டையை எடுத்துத் தரையில் விரித்தான். இப்படியே விட்டால் அடுத்த வளைவில் பின்சீட்டிலிருந்து விழப்போவது யார் என்று இருவருக்கும் தெரியும்.

"டாக்டர், ஏறி உக்காருங்க," என்றாள். பிறகு தானும் ஏறிக்கொண்டாள்.

அவன் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். இன்ஜின் ஓடியது, அடங்கியது. பாரம் இறங்கி ரப்பர் அமுங்குவது தெரிந்தது. ஒரு பக்கம் டாக்டரின் பாலிஷ் போட்ட ஷூ. அதற்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், ஃபுட்ரெஸ்ட்டில் அவள் பாதம். செருப்பை அவிழ்த்து வைத்திருந்தாள். குதிகாலில் வெடிப்பு. கட்டைவிரல் ஏதோ தாளத்துக்கு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. லிங்க் கம்பியைத் திருகி நீளத்தைச் சரிசெய்தான். போல்ட்டை வைத்து விரலால் தள்ளினான். ஒரு முரண்டும் இல்லாமல் போய் உட்கார்ந்தது. நட்டை இறுக்கினான். இனி இந்த வண்டி எந்த வளைவிலும் ஆடாது. டாக்டர் ஒரு தடவை பார்த்துவிடலாம் மேடம் என்பார், அவளும் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வாள்.

"முடிஞ்சுதாங்க?" மேலிருந்து அவள் குரல் வந்தது.

இறுகிவிட்ட நட்டின் மேல் ஸ்பேனரை வைத்தபடி, அசையும் அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"இல்ல," என்றான். "இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இரு."