பச்சை ஒயர்

காசிம் சவுண்டு சர்வீஸில் அன்று விடியற்காலை மிஞ்சியிருந்தவை ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரும், முத்துகிருஷ்ணனின் ஆட்டோ தலையில் கட்டியிருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கர்களும்தான். மைக்கிலிருந்து சீரியல் பல்பு வரை மற்ற எல்லாவற்றையும் காசிம் முந்தின நாளே வாலாஜாபாத் கல்யாணத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போகிற அவசரத்தில் மகள் சனோபரிடம், "வள்ளியம்மா ஆர்டர் ஒண்ணு கீது. கேசட் குடுப்பாங்க, முத்து ஆட்டோவுல போட்டு அனுப்பிச்சுடு" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

வள்ளியம்மா கொடுத்துவிட்டுப் போனது கேசட் இல்லை. சிடி. கூடவே விரித்த கை அகலத்தில், பேட்டரியில் ஓடுகிற ஒரு சிடி பிளேயர். இரண்டையும் வாங்கியதும் சனோபர் ஓட்டைகளைத்தான் பார்த்தாள். பிளேயரில் காதில் மாட்டுகிற இயர்போனுக்கு உண்டான சின்ன ஓட்டை. ஆம்ப்ளிஃபையரில் பென்சில் பருமனுக்குப் பெரிய ஓட்டை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற ஒயர் உத்திரமேரூர் கடைத்தெருவில் எங்கேயும் கிடைக்காது. செய்துதான் ஆகவேண்டும்.

சனோபருக்குப் பத்தொன்பது வயது. ஆறு மாதமாக மாலை நேர எலக்ட்ரிகல் வகுப்புக்குப் போகிறாள். வகுப்பில் சொல்வதை ஒரு வரி விடாமல் எழுதுவாள். எழுதியது சரிதானா என்று பக்கத்தில் இருப்பவளின் நோட்டை எட்டிப் பார்ப்பாள். அவளும் அப்படியே எழுதியிருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து தப்பாக எழுதிவிட்டோமோ என்று யோசிப்பாள். அப்படிப்பட்டவள் கையில் இந்த வேலை வந்து விழுந்தது.

கடையில் கிடந்த செத்துப்போன இயர்போன் ஒன்றை எடுத்தாள். காதுக் குமிழ்கள் இரண்டையும் வெட்டி டப்பாவில் போட்டுவிட்டு, பிளேயரில் செருகுகிற பின் இருக்கிற ஒயரை மட்டும் வைத்துக்கொண்டாள். மேல்தோலை பிளேடால் சீவியதும் உள்ளே தலைமயிர் மாதிரி மூன்று கம்பிகள். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று வெறும் செம்பு நிறம். ஆம்ப்ளிஃபையரில் செருகுகிற பெரிய பின்னிலோ இரண்டே முனைதான், நடுவில் ஒன்று, வெளியே எர்த்துக்கு ஒன்று.

மூன்றை எப்படி இரண்டில் சேர்ப்பது? நோட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'சிவப்பு எப்போதும் கரண்ட் வருகிற ஒயர். பச்சை எப்போதும் எர்த்.' 'எப்போதும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள். அப்புறம் என்ன? சிவப்பை நடுவில் வைத்துச் சால்டரிங் செய்தாள். பச்சையை எர்த்தில் பற்றவைத்தாள். செம்புக் கம்பிக்கு நோட்டில் இடமே இல்லை. அதைத் தனியாக மடக்கி, டேப் சுற்றி ஒதுக்கிவிட்டாள்.

மீட்டரை வைத்துப் பார்த்தாள். எங்கேயும் அறுந்திருக்கவில்லை. ஆட்டோவில் மாட்டி, சத்தத்தை நன்றாகக் குறைத்து, சிடியை ஓடவிட்டாள். மேளமும் நாதஸ்வரமும் குழாயிலிருந்து மெல்லக் கிளம்பின. அதற்குள் எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, "தூங்க வுடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று ஒரு குரல் வந்தது. சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"வேலை செய்யுதுண்ணா, இப்படியே போட்டுக்கினு போங்க. சிடி முடிஞ்சா திரும்ப அமுக்குங்க, அவ்வளவுதான்" என்றாள்.

முத்துகிருஷ்ணன் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

பதினொரு மணிக்கு அந்த ஆட்டோ கடை வாசலில் வந்து நின்ற வேகத்திலேயே சனோபருக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ ஆகிவிட்டது என்று. பின்சீட்டிலிருந்து வள்ளியம்மா இறங்கினாள். காவாந்தண்டலம் பக்கத்து ஏரிக்கரையில் இருக்கிற இருளர் குடியிருப்புக்காரி. சுற்றுவட்டக் குடியிருப்புகளை எல்லாம் சேர்த்துச் சங்கம் நடத்துகிறவள்.

"யாரு உனக்குச் சொன்னது?" என்றாள் வள்ளியம்மா.

"என்னக்கா?"

"என் பேச்சை நிறுத்தச் சொல்லி யாரு சொன்னது? பெரிய மனுசங்க எவனாவது வந்தானா கடைக்கு?"

சனோபர் முத்துகிருஷ்ணனைப் பார்த்தாள். அவன் கையை விரித்தான். "என்னைப் பார்த்தா? நீ குடுத்தத்தான் போட்டேன். மூணு எடத்துல மேளம் அடிச்சுக்கினு சுத்தினேன். ஒரு கெழவன் வந்து யார் வூட்ல கல்யாணம்னு கேட்டான். தெரிலபான்னேன். நாலாவதா இந்தம்மா எடத்துக்குப் போனா, ஆட்டோக்கு முன்னால வந்து படுத்துடுவேங்குது."

"மேளத்துக்கு அப்புறம் பேச்சு வரலியா?"

"பேச்சு இருக்குன்னு நீ சொல்லவே இல்லியே! பேச்சு வரும்னு தெரிஞ்சாதானே வரலன்னு தெரியும்?"

அந்தச் சிடியில் இருந்தது வள்ளியம்மாவின் குரல். காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஸ்டுடியோவில் போய் அவளே பேசிவிட்டு வந்திருந்தாள். மறுநாள் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை உத்திரமேரூரில் சாதிச் சான்றிதழ் முகாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்தால் அங்கேயே எழுதிக் கொடுப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே போல ஒரு முகாம் நடந்தபோது சேதி குடியிருப்புகளுக்கு எட்டவே இல்லை. சான்றிதழ் இல்லாமல் வள்ளியம்மாவின் பெரிய பையன் பத்தாவதோடு நின்றான். சின்னவள் இப்போது பத்தாவது.

"எங்க ஜனம் காலையில கரும்பு வெட்டப் போனா பொழுது சாஞ்சுதான் வரும். காதுல வுழற நேரத்துல மேளம் வாசிச்சுட்டு வந்துகீறீங்க" என்றாள் வள்ளியம்மா. கோபம் இறங்கி, குரல் உடைந்திருந்தது. சனோபருக்கு அந்தக் கோபமே பரவாயில்லை என்று தோன்றியது.

"அல்லா மேல ஆணையா நான் ஒண்ணும் பண்ணலக்கா. இருங்க, பாக்கறேன்."

பார்த்தாள். நல்ல இயர்போனை பிளேயரில் மாட்டிக் கேட்டாள். மேளம் அடங்கி, 'எல்லாருக்கும் வணக்கம், நான் வள்ளியம்மா பேசறேன்' என்று தெளிவாக வந்தது. இயர்போனைப் பிடுங்கிவிட்டுத் தன் ஒயரை மாட்டினாள். குழாயில் மேளம் வந்தது, அடங்கியது, பின்னணியில் நாதஸ்வரம் மெலிதாக இழுத்துக்கொண்டே போனது. பேச்சு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. சிடியைத் துடைத்துப் போட்டாள். பேட்டரியை மாற்றினாள். ஆம்ப்ளிஃபையரின் திருகுகளை ஒவ்வொன்றாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினாள். மறுபடி இயர்போன்: வள்ளியம்மா பேசினாள். மறுபடி குழாய்: வள்ளியம்மா இல்லை.

ஒயர் அறுந்திருந்தால் எதுவுமே வரக்கூடாது. ஒயர் நன்றாக இருந்தால் எல்லாமே வரவேண்டும். மேளத்தை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒயர் உலகத்தில் உண்டா? மனுஷக் குரல் எது, நாதஸ்வரம் எது என்று இந்தச் செம்புக்கு எப்படித் தெரியும்?

"குழாய்க்கு இந்தம்மா குரல் புடிக்கல போல" என்றான் முத்துகிருஷ்ணன்.

"வாயை மூடிக்கினு இரு நைனா, நீ வேற பேஜார் பண்ணாத" என்றாள் வள்ளியம்மா.

சனோபர் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அத்தா காசிமைப் போய்க் கூட்டிவரலாமா? வாலாஜாபாத் போய்த் திரும்பவே மத்தியானம் போய்விடும். அப்படியே போனாலும் அவரிடம் என்னவென்று சொல்வது?

"உள்ள நான் பேசறனா, அதையாவது நான் கேக்கறேன். குடு" என்று வள்ளியம்மா கை நீட்டினாள். சனோபர் இயர்போனின் ஒரு குமிழைக் கொடுத்து, இன்னொன்றைத் தன் காதிலேயே வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"தவுலு நல்லா அடிக்கறான்" என்றாள் வள்ளியம்மா.

"தவிலா? எனக்கு நாதஸ்வரம்தான் பெருசா கேக்குது."

"வணக்கம் சொல்றேன். உன் காதுலயும் நானா?"

"நீங்கதான்."

"ஒரே மாரி கேக்குதா?"

சனோபர் சிடியை நிறுத்தினாள். குமிழ்களை மாற்றிக்கொள்ளச் சொல்லி மறுபடி ஓடவிட்டாள். இந்தப் பக்கம் தவில் உரக்க, அந்தப் பக்கம் நாதஸ்வரம் உரக்க. பேச்சு மட்டும் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்று. குழாயில் வந்தது எது? இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தது. வராமல் போனது எது? இரண்டிலும் ஒன்றாக இருந்தது. அது ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் முதல் தடவையாக அவள் குழப்பத்துக்கு ஒரு வரிசை கிடைத்தது.

டப்பாவைக் கவிழ்த்து, காலையில் வெட்டிப் போட்ட காதுக் குமிழ்களைத் தேடி எடுத்தாள். ஒன்றை உடைத்தாள். உள்ளே சிவப்பும் செம்பும். மற்றதை உடைத்தாள். உள்ளே பச்சையும் செம்பும்.

செம்பு இரண்டு பக்கமும் போயிருந்தது. பச்சை ஒரு பக்கம்தான்.

உடைத்த குமிழ்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டு காதுக்கும் பொதுவாகப் போவதுதான் எர்த் என்றால், பச்சை எர்த்தே இல்லை. அது இன்னொரு காது. எர்த் இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு காதை அல்லவா கட்டியிருக்கிறாள்! இந்தப் பக்கத்துக் குரலும் அந்தப் பக்கத்துக் குரலும் சமபலத்தோடு எதிரெதிரே நின்று ஒன்றையொன்று அழித்துக்கொண்டனவா? அப்படியும் நடக்குமா? நோட்டில் இப்படி எதுவும் இல்லை. நோட்டில் இருந்தது நேர்மாறாக இருந்தது. கோடு வேறு போட்டிருந்தாள்.

சால்டரிங் கம்பி சூடாகும் வரை பொறுமை இல்லை. பெரிய பின்னைத் திறந்து பச்சையைப் பிய்த்தாள். டேப்பை உரித்து, செம்புக் கம்பியை எர்த்தின் மேல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "போடுங்கண்ணா" என்றாள், நம்பிக்கை இல்லாமலே.

"எல்லாருக்கும் வணக்கம்! நான் வள்ளியம்மா பேசறேன்!"

சத்தத் திருகு கடைக்கோடியில் இருந்ததை அவள் மறந்திருந்தாள். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்க்கடை ஆள் தராசோடு வெளியே வந்தான். வள்ளியம்மா தன் பெயரைத் தானே கேட்டு ஒரு அடி பின்னால் போனாள்.

"இவ்ளோ நேரம் எங்கம்மா போயிருந்தேன் நான்?"

"தெரியலக்கா. பச்சை ஒயர்ல இருந்திருக்கீங்க" என்றாள் சனோபர். சொன்னது சரியா என்று அவளுக்கு நிச்சயமில்லை. ஆனால் தப்பு யாருடையது என்பதில் சந்தேகமில்லை. "தப்பு என்னுதுதான். யாரும் வந்து சொல்லல. மூணு எடத்துக்கும் திரும்பப் போலாம், நானும் வரேன்."

"அங்க இப்ப யாரு இருப்பா? நாய்தான் கெடக்கும்" என்றாள் வள்ளியம்மா. "கழனிக்குப் போவணும். பழையசீவரம் பக்கம் ஆத்தோரமா வெட்டறாங்க."

செம்பை ஒழுங்காகப் பற்றவைத்து, சிவப்போடு சேராமல் டேப் சுற்றி, மூன்று தடவை ஓடவிட்டுக் கேட்டபிறகுதான் சனோபர் ஆட்டோவில் ஏறினாள். ஏறியும், பின்னை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள்.

முதலில் ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பு வழியாகப் போனார்கள். அங்கே நான்கு குடிசை பூட்டியிருந்தது. செங்கல் சூளைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பத்து மணிக்கு லாரி போய்விட்டதாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள். வர பத்து நாளாகுமாம். மேளம் அடித்த ஆட்டோவை லாரியில் ஏறும்போது எல்லாரும் பார்த்துச் சிரித்தார்களாம். சனோபர் அந்தப் பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எந்தச் சூளைன்னு தெரியுமாக்கா?"

"கேட்டுச் சொல்றேன். மொதல்ல கழனியைப் பாரு."

கரும்புக் கழனி ஓரம் ஆட்டோ நின்றது. வெட்டியது போக மிச்சக் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் சுவர் மாதிரி நின்றது. உள்ளே கத்தி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது, ஆள் தெரியவில்லை. முத்துகிருஷ்ணன் சிடியை ஓடவிட்டான். மேளம் வந்தது. மேளம் அடங்கி, வள்ளியம்மாவின் குரல் கரும்புத் தலைகளுக்கு மேலே போனது. தேதி சொன்னது, இடம் சொன்னது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னது. முடிந்தது.

கத்திச் சத்தம் நிற்கவில்லை. கேட்டதா, கேட்கவில்லையா? வெளியே நிற்கிற தனக்குக் கேட்டது உள்ளே அவர்களுக்கும் கேட்டிருக்குமா? எதிர்ப்பக்கத்துக் குழாய் வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் இறங்கப் போனாள்.

அப்போது கரும்புக்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல் வந்தது. "யக்கா! ரேசன் கார்டு எடுத்துக்கினு வரணுமா?"

சிடியில் அதற்குப் பதில் இல்லை. சனோபர் வள்ளியம்மாவைப் பார்த்தாள். வள்ளியம்மா வண்டியை விட்டுக் குதித்து, வரப்பில் ஏறி, இரண்டு கையையும் வாயைச் சுற்றி வைத்துக்கொண்டாள்.

"எட்த்தாடீ! புள்ளைங்க படிக்கற ஸ்கூல் சீட்டும் எட்த்தா! ஒம்போது மணிக்கே வந்துடுங்க!"

உள்ளே கத்திகள் ஒவ்வொன்றாக நின்றன.