வெர்டாவின் கடை என்ன மிருகம்?

1

மனிதகுலத்தின் மாபெரும் கட்டடங்கள் எல்லாம் நம்பிக்கையில் எழுந்தவை. இந்தக் கதையின் கட்டடம் மிஞ்சிப்போன சிமெண்டில் எழுந்தது. [முதல் வரியை அடித்துவிடலாமா? இருக்கட்டும், கம்பீரமாக இருக்கிறது.]

ஓக்லஹோமாவில் ஒரு சிமெண்டு மிருகத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்து ஹாம்பர்கர் சாப்பிட்டபோது கிடைத்த கதை. சாப்பாட்டுக்கு நன்றியாக எழுதுகிறேன்.

2

எல்மர் ஹாஸ்கின்ஸ் என்னும் மகத்தான சிற்பி— (இல்லை. கார்களுக்குப் பெட்ரோல் போடுகிறவர்.) மனைவி வெர்டாவின் சாப்பாட்டுக் கடையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று அதையே ஒரு மிருகமாகக் கட்டிவிட்டார். நாலு கால், ஒரு வால், முதுகில் என்னவோ ஒரு மேடு. கார்கள் நின்றன. அழகுக்காக அல்ல, காருக்குள் நடந்த சண்டைக்காக. கரடி என்பார் காரோட்டி வரும் கணவர், பன்றி என்பாள் பக்கத்தில் இருக்கும் மனைவி. தீர்ப்புக் கேட்டு இறங்குவார்கள்.

"மொதல்ல உக்காருங்க" என்பாள் வெர்டா. தீர்ப்பு வராது, காபி வரும்.

எல்மர் போய்ச்சேர்ந்த பிறகும் அந்தச் சண்டைகளில்தான் அவள் பிழைப்பு ஓடியது. ஒவ்வொரு சண்டைக்கும் அவருக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்வாள்.

3

சாலையை அகலப்படுத்த வந்த அதிகாரி பிராட்வெல் தொப்பியைக் கழற்றாமல் கட்டடத்தைச் சுற்றி வந்தார்.

"மிஸஸ் ஹாஸ்கின்ஸ், சிலைன்னா இன்ன மிருகம்னு எழுதிட்டு விட்டுடலாம். சும்மா சிமெண்டுக் குவியல்னா இடிச்சுத்தான் ஆகணும். இது என்ன மிருகம்?"

"உங்களுக்கு என்னவாத் தெரியுது?"

"எனக்கு என்னவாத் தெரிஞ்சா என்ன? கட்டினவரு என்ன நெனச்சுக் கட்டினாரோ அதச் சொல்லுங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்கார டுவைட் குரல் கொடுத்தான்: "காட்டெருமைன்னு போடுங்க சார். எம் பொண்டாட்டி கண்ணுல மட்டும் காட்டிடாதீங்க. அவ கழுதைன்னு சாதிக்கிறா, அதுவும் என்னையப் பாத்துக்கிட்டே."

4

முடிவுகள். வெர்டா ஒரு பெயரைச் சொல்கிறாள், கடை பிழைக்கிறது, ஆனால் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டுக் கார்கள் நிற்காமலே போகின்றன. அல்லது வாய் திறக்க மறுக்கிறாள், இடிக்கிற இயந்திரம் வருகிறது, அவள் கண்ணோரம் ஒரு துளி— (போதும்.)

பிராட்வெல் பேனாவைத் திறந்துவிட்டார். வெர்டா சொல்லவேண்டிய வார்த்தையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்: ..........

5

போடுமுன் ஒன்று. கட்டி முடித்த அன்று எல்மர் சிமெண்டுக் கையோடு நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். கோடை முழுக்க அவளுக்காக வெயிலில் வெந்த மனுஷன். வெர்டா மிருகத்தை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தாள்.

"அச்சு அசல் அப்படியே இருக்குங்க!" என்றாள்.

அதற்குப் பிறகு, என்ன மிருகம் என்று அவரைக் கேட்க முடியவில்லை.