பீடத்துணிப் பெட்டி

அட்டையின் ஒட்டுவாயில் கத்திமுனையை நுழைத்து அருளம்மாள் மெல்ல இழுத்தாள். மூலைகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. சற்றுமுன்வரை பெட்டியாக இருந்தது, கைகளை விரித்த சிலுவைபோலக் கூடத்துத் தரையில் மல்லாந்து கிடந்தது. அந்த வடிவம் அவள் கண்ணில் படவில்லை. அதன் மேற்புறத்தில் கறுப்பு மையில் அச்சிட்டிருந்த ஒரு ஜோடி பூட்ஸின் படத்தைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது பூட்ஸ் பொட்டிம்மா. கோயிலுக்குங்களா?" என்று கேட்டாள் ஞானம். கடைவீதியிலிருந்து அந்தப் பெட்டியைச் சுமந்துவந்தவள் அவள்தான். பின்கட்டு வாசற்படிக்கு வெளியே நின்றாள். படிக்கு உள்ளே அவள் கால் வைப்பதில்லை. அந்த வீட்டு வேர்க்கடலையை ஆண்டாண்டாக உரித்துக் கொடுத்தவள், அந்த வீட்டுக் கூடம் எப்படி இருக்கும் என்பதைப் படிக்கு வெளியிலிருந்தே அறிந்திருந்தாள்.

"கோயிலுக்குத்தான். உனக்கு இன்னா வந்தது?"

"சாமித்துணி வெக்கிறதுன்னீங்களே, அதான். கடையில சோப்புப் பொட்டிகூட கெடந்துச்சும்மா. வாணுமின்னா இத்தக் குடுத்துட்டு அத்தக் கொண்டாரட்டா?"

"சோப்புப் பெட்டியில வெச்சா, பூசை நேரத்துல பீடமே குளிச்சிட்டு வந்தாப்பல மணக்கும். ஆதிநாராயணன் கடையில பூட்ஸ் பெட்டிதான் வேணும்னு நான்தானே சொல்லி அனுப்பினேன்? படம் உள்ளாறப் போயிடும்டி. மேல துணி, உள்ள வெள்ளக் காகிதம். மாதாவே வந்து பார்த்தாலும் தெரியாது."

"மாதாவுக்கே தெரியாதுன்றீங்க! அப்ப சரி," என்று ஞானம் சிரித்தாள். அருளம்மாளும் சிரித்துவிட்டாள்.

யுத்தம் தகரத்தையெல்லாம் தின்றுகொண்டிருந்த காலம். ஒரு சின்னப் பெட்டி வாங்குவதற்கும் விழுப்புரத்துக்கு ஆள் அனுப்பி, இல்லை என்ற பதிலை வாங்கிவர வேண்டியிருந்தது. அந்த இல்லாமையில்தான் அருளம்மாளின் கைத்திறன் செஞ்சியில் பேர்பெற்றது. கடைக்காரர்கள் தெருவில் எறியும் அட்டைகளை அவள் பிரித்துத் திருப்பி ஒட்டுவாள். மருந்துப் பெட்டி, நூலும் ஊசியும் வைக்கும் பெட்டியாகும். விளக்குக் கண்ணாடி வந்த பெட்டி, சுவரில் தொங்கிச் சீப்பையும் செபமாலையையும் தாங்கும். பழம்புடவையின் சரிகைக் கரையை விளிம்பில் சுற்றிவிட்டால், அது குப்பையில் கிடந்த அட்டை என்று சொன்னாலும் நம்புவார் இல்லை. கிறிஸ்தவத் தெருவில் அவள் கைபட்ட பெட்டி இல்லாத வீடு இல்லை. ஆகவே, கோயிலின் மரப்பெட்டியைக் கறையான் அரித்துவிட்டது என்றும், பீடத்துணி வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்றும் உபதேசியார் தேவசகாயம் சொன்னபோது, எல்லார் முகமும் அவள் பக்கம் திரும்பியது. அந்த ஒரு கணத்தின் இனிமைக்காக அவள் எதையும் செய்திருப்பாள். பூட்ஸ் பெட்டியின் அட்டை கனமானது, விறைப்பானது. வேறு அட்டையை அவள் மனம் ஏற்கவில்லை.

வெளிப்புறத்துக்குப் புளியங்கொட்டைப் பசையைத்தான் பூசினாள். அதில் துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது, ஈரத்துக்கும் இளகாது. ஆனால் அந்தப் பசை வெள்ளைக் காகிதத்தில் பழுப்பேற்றும். உட்புறம் பளிச்சென்று இருக்கவேண்டுமே! அதற்காக, ரேஷன் அரிசி வடித்த கஞ்சியை எடுத்துக் காய்ச்சி, அந்த வெறும் கஞ்சிப்பசையால் படத்தின்மீது காகிதத்தை ஒட்டினாள். வெண்மைக்கு ஆசைப்பட்டு உறுதியைக் கைவிட்டாள். திறந்து பார்த்த உபதேசியார், "கல்யாணப் பொண்ணு பெட்டி தோத்துச்சு போங்க!" என்றார். அவள் கணவன் பிலவேந்திரன் அன்று முழுவதும் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

ஆடி முடிகிற நேரம், மாதா திருநாளுக்குக் கொடியேறியது. மாலைதோறும் ராஜகிரிக் கோட்டைமலைக்குப் பின்னாலிருந்து கருத்துவந்த மழை, கோயிலின் ஓட்டுக்கூரையைத் தட்டிப்பார்த்து, உடைந்த ஓடு எதுவெனக் கண்டுபிடித்தது. அது பெட்டிக்கு நேர்மேலே இருந்தது.

திருநாளுக்கு முந்திய நாள் காலையில் பீடம் சோடிக்கப் பெண்கள் கூடியிருந்தார்கள். ஞானமும் அவள் பக்கத்துப் பெண்களும் இடுப்பளவுச் சுவருக்கு அப்பால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். 'பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று இருபுறத்தாரும் ஒரே குரலில் ஓதும் கோயில் அது. ஒரே பிதாவின் பிள்ளைகளுக்கு நடுவே, வாசலிலிருந்து பீடத்தின் அருகுவரை ஓடியது அந்தச் சுவர். எழுப்பியவன் யாரென்று எவருக்கும் தெரியாது. ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிக்க மட்டும் எவரும் மறப்பதில்லை.

உபதேசியார் பெட்டியைத் திறந்து பீடத்துணியை எடுத்தார். துணியோடு உட்காகிதமும் வந்தது. கஞ்சி கரைந்து இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்து உதறி, துணியை வெளிச்சத்தில் விரித்தார். அதன் நடுவில், நற்கருணைப் பாத்திரம் வைக்கும் இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் பதிந்திருந்தது.

யாரோ, "சேசுவே!" என்றார்கள். அருளம்மாளுக்குக் காதுக்குள் மழை பெய்வதுபோல் இருந்தது.

"செருப்பா? பீடத்துமேல செருப்பா?" என்று உபதேசியார் கத்தினார். "எங்கேருந்து வந்தது இந்தப் பெட்டி?"

பிலவேந்திரனின் அக்காள் சவரியம்மாளுக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. "எங்க அருளு செஞ்சது நல்லாத்தான் செஞ்சா. கடைக்குப் போனது யாரு? அந்த ஞானந்தானே? பத்துப் பெட்டி கெடந்தாலும் அவ கண்ணுக்குத் தோலு சமாச்சாரந்தான் தெரியும். ஒறமொறைய எப்பிடி வுட்டுக்குடுப்பா?"

இரண்டு பெண்கள் சிரித்தார்கள். உபதேசியார் சுவருக்கு அப்பால் பார்த்து, "இன்னாடி, நீயா கொண்டாந்தது?" என்றார்.

ஞானம் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "கொண்டாந்தது நாந்தாங்க," என்றாள். பிறகு அருளம்மாளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, கோபம் இல்லை. வண்டியேறப் போகிறவள், இன்னொருத்தி வந்து சேரட்டும் என்று நிற்பாளே, அப்படி ஒரு காத்திருப்பு இருந்தது.

கொண்டுவரச் சொன்னது யார்? அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அருளம்மாள் பிற்பாடு தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். கேட்காத கேள்விக்கு வாய்திறக்க என்ன தடை இருந்தது? பட்டுச்சேலைக்குள் பயந்து ஒடுங்கிய நெஞ்சு தடை; ஊர் மெச்சிய கை தடை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. கஞ்சிப்பசைக்கு இல்லாத உறுதி அந்த நேரத்தில் அவள் மௌனத்துக்கு வந்து வாய்த்தது.

உபதேசியார் தீர்ப்புச் சொன்னார்: "நாளைக்கு இவ பொண்ணுக்குப் புதுநன்மை கெடையாது. அடுத்த திருநாளைக்குப் பார்த்துக்கலாம். தேவத்துரோகம்னா இன்னான்னு தெரியட்டும்."

ஞானத்தின் மகள் ஆரோக்கியம் முதல் முறையாக நற்கருணை வாங்க இருந்த நாள் அது. செபங்கள் அனைத்தையும் பிழையின்றி ஒப்பித்து, ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் தடுமாறிய இடத்தில் சுவருக்கு அப்பாலிருந்து எடுத்துக்கொடுத்து, உபதேசியாரிடமே குட்டு வாங்கிய பெண்.

மதியம் வீட்டில் அருளம்மாள் சோறு பரிமாறினாள். பிலவேந்திரனிடம் மெல்லச் சொன்னாள். அவன் கையைக் கழுவிக்கொண்டே, "தெரிஞ்சேதான் வாங்கினியா?" என்று கேட்டான், அவள் தலையாட்டியதும் குரலைத் தாழ்த்தினான். "சரி, வாய மூடிக்கினு இரு. நாளைக்குத் தேர்வடத்துல மொதக் கை என்னுது. இப்பப் போயி எம் பொண்டாட்டிதான் செருப்ப வெச்சான்னு சொல்லச் சொல்றியா? அந்தப் புள்ள அடுத்த வருசம் வாங்கிக்கட்டுமே, நன்ம எங்க ஓடியா போவுது?"

ஆனாலும் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. திருநாளுக்காக வந்திருந்த சாமியார் பிற்பகலில் பாவசங்கீர்த்தனம் கேட்க அமர்ந்தார். அங்கே சொல்லிவிட்டால் போதும். சாமியாருக்கு உண்மை தெரிந்துவிடும். அவர் உபதேசியாரைக் கூப்பிட்டு அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள் என்பார். தன் பெயர் வெளியே வராது. எவ்வளவு எளிது! அவள் முழந்தாளிட்டு, மரச்சட்டத்தின் துளைகளுக்கு நேராக எல்லாவற்றையும் கொட்டினாள். கண்ணீரும் கூட வந்தது.

வல்லம் பக்கத்துக் குடியானவர் வீட்டில் பிறந்தவர் சாமியார். குரலில் அந்த மண் இருந்தது.

"நீ இங்க சொன்னத நான் இந்த எடத்தவுட்டு எடுத்துக்கினு போவ முடியாதும்மா. உபதேசியாருகிட்ட ஒரு வார்த்த சொல்ல எனக்கு வாய் கெடையாது. அந்தப் புள்ளயச் சேத்துக்கன்னு சாடையாச் சொன்னாலும், நீ சொன்னத நான் வெளிய விட்டாப்பலதான். தெரியுமில்ல?"

அவளுக்குத் தெரியும். ஞானோபதேசத்தில் சிறுவயதிலேயே படித்தது. படித்ததை இவ்வளவு நேரம் எங்கே ஒளித்து வைத்திருந்தாள்?

"அபராதம் இன்னா சாமி?"

"செபமாலை சொன்னா தீர்ற கணக்கில்ல இது. அவகிட்ட எடுத்த பேர எடுத்த எடத்துலயே திருப்பி வெச்சிடு. அதான் அபராதம்."

அவள் எழுந்தாள். கோயிலைச் சுற்றிக்கொண்டு, பொழுது சாய்கிற வெளிச்சத்தில், வாழ்நாளில் போயறியாத பாதையில் நடந்து சேரியின் முகப்பில் போய் நின்றாள். ஞானம் குடிசைக்கு வெளியே ஒரு வெள்ளைப் பாவாடையைப் பிழிந்து வேலியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலைக்காரி நிற்பதைக் கண்டு கோழிகள்கூட ஒதுங்கின.

"ஞானம்... காலையில நான்... நான்தானே உன்ன வாங்கியாரச் சொன்னேன்."

ஞானம் பாவாடையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "இத்த எங்கிட்ட சொல்லத்தான் இம்மாந்தூரம் வந்தீங்களா? எனக்குத்தான் தெரியுமேம்மா."

அருளம்மாளின் முகத்தில் இரத்தம் ஏறியது. தெரிந்தவளிடம் வந்து சொல்வதற்கு என்ன துணிச்சல் வேண்டும்?

"பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னான்னு சொல்லட்டும்? அது விடியறப்பவே எழுந்து வெள்ளத்துணி கட்டிக்கினு வரும். நான் வாணான்னு தடுக்கமாட்டேன். வாணான்றவங்க அது மொகத்தப் பாத்து அவங்க வாயால சொல்லட்டும்."

உள்ளேயிருந்து, "யம்மா, யாரு?" என்று கேட்டது பெண்ணின் குரல். "யாருமில்லடி, போறவங்க," என்றாள் ஞானம். அருளம்மாள் அப்படியே திரும்பிப் போனாள்.

திருநாள் பூசைக்குக் கோயில் நிறைந்து வழிந்தது. அனந்தபுரத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பீடத்தில் இரவல் துணி. புதுநன்மைப் பிள்ளைகள் முன்வரிசையில் மெழுகுவத்தியும் முக்காடுமாக இருந்தார்கள். சுவருக்கு அப்பால், சேரிப் பிள்ளைகள் சிலருக்குப் பின்னால், உபதேசியார் கைகாட்டித் தள்ளிநிறுத்திய இடத்தில் ஆரோக்கியம் நின்றாள். ஏன் தன்னைமட்டும் தள்ளினார் என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை; ஆள் மாறித் தள்ளிவிட்டார், இப்போது கூப்பிடுவார் என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளை எழுப்பி வரிசையாக்க உபதேசியார் வந்தபோது, அருளம்மாள் எழுந்தாள். சவரியம்மாள் அவள் முந்தானையைப் பிடித்தாள். முந்தானை கையோடு போகட்டும் என்பதுபோல் இழுத்துக்கொண்டு முன்னே போனாள்.

"உபதேசியாரே, அது பூட்ஸ் பெட்டின்னு தெரிஞ்சேதான் நான் வாங்கியாரச் சொன்னேன். ஞானம் மாத்திக் கொண்டாரேன்னா. நான்தான் கேக்கல."

சொல்லிவிட்டாள். கூரை இடியவில்லை. முன்வரிசை முழுவதும் கேட்டது; பிலவேந்திரன் தலையைக் குனிந்துகொண்டது அவளுக்குத் தெரிந்தது. உபதேசியாரின் முகத்தில் அதிர்ச்சியை எதிர்பார்த்தாள். அங்கே இருந்தது சலிப்பு.

"சரிம்மா, சரி. பூசை நேரத்துல இன்னா இது? அப்புறம் பேசிக்கலாம். போயி உக்காருங்க."

"அப்புறம்னா? அந்தப் புள்ள..."

"ஒரு சேதிய ஊர்ல சொல்லியாச்சு. இப்ப மாத்தினா நல்லா இருக்குமா? உங்க வூட்டு மானத்துக்கும் சேர்த்துதான் சொல்றேன். உக்காருங்கம்மா."

அவமானம் என்றால் என்ன என்று நேற்று அறிந்ததாக அவள் எண்ணியிருந்தாள். நேற்று அவள் மௌனத்தால் நிற்கவிட்டது ஒரு பொய்யை. அந்தப் பொய் யாருக்கும் தேவையில்லாத பொய்யல்ல. எல்லாருக்கும் வசதியான பொய். அதற்கு அவள் முதலாவது செங்கல் எடுத்துக் கொடுத்திருந்தாள், அவ்வளவுதான். இப்போது அவள் அதைத் திரும்பக் கேட்டால், கட்டி முடித்தவர்கள் எங்கே போவார்கள்?

மணி ஒலித்தது. கோயில் முழுவதும் ஒரே அசைவில் முழந்தாளிட்டது. வரிசையில் நின்ற பிள்ளைகள் பீடத்துக்கு முன்னிருந்த கிராதியருகே மண்டியிட்டார்கள். உபதேசியாரும் நெஞ்சில் தட்டிக்கொண்டு மண்டியிட்டார். "முட்டி போடுடி," என்று பின்னாலிருந்து பிலவேந்திரனின் குரல் பற்களுக்கிடையே வந்தது. பழக்கம் அவள் முழங்கால்களைக் கீழே இழுத்தது. அவள் கிராதியின் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

நற்கருணையைக் கையில் உயர்த்திச் சாமியார் மக்கள் பக்கம் திரும்பினார். குனிந்த தலைகளின் பரப்புக்கு மேலே இரண்டு உருவங்கள்மட்டும் நின்றுகொண்டிருந்தன. இந்தப்பக்கம் பட்டுச்சேலை. அந்தப்பக்கம், சுவருக்குமேல் முகவாய்மட்டும் எட்ட, எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்று குதிகாலை உயர்த்தி நின்ற வெள்ளை முக்காடு. மணியின் கடைசி அதிர்வும் ஓட்டுக்கூரையில் போய் அடங்கியது. உயர்ந்த கை இன்னும் இறங்கவில்லை.